'ஃபைண்ட்' என்றொரு வினைச்சொல்லும் என் ஏலத்தூரும்

1

இங்கே எனக்கு ஒரு பஸ் கம்பெனியின் தொலைந்த பொருள் கவுண்டரில் வேலை. பஸ்சிலும் ஸ்டாப்பிலும் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிற சாமான்களை டிரைவர்கள் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதிக் கட்டி அலமாரியில் வைத்து, உடையவர் வந்தால் விசாரித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் போடியில் இதைச் சொன்னபோது தெருவில் ஒருவரும் நம்பவில்லை. "தொலைச்சவன் தேட வேண்டியதுதான? அதுக்குன்னு ஒரு ஆபீசு, அதுல உக்கார உனக்குச் சம்பளமா?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். நம் ஊரில் பொருள் தொலைந்தால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். இங்கே சாமியின் இடத்தில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.

கனடாவுக்கு வந்து இந்தத் தையோடு பதினைந்து வருடம் ஆகிறது. வருடம் முடியும்போது ஊருக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றும். பனியைப் பற்றி எழுதலாமா, பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதலாமா என்று யோசித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். இந்த வருடம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு சொல்லைப் பற்றி எழுதப் போகிறேன். எழுதி முடிக்கிறபோது என் கோபம் கொஞ்சம் தணிந்தால் நல்லது. தணியாவிட்டாலும் நஷ்டமில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எல்லா அட்டையிலும் தமிழை அப்படியே இங்கிலீஷாக்கி எழுதிக்கொண்டிருந்தேன். குடை கிடைத்தது. கையுறை கிடைத்தது, அதுவும் ஒற்றைக் கையுறை. பல்செட் கிடைத்தது. ஆமாம், பல்செட்டைக்கூட விட்டுவிட்டுப் போகிறார்கள். என் மேலதிகாரி பெவர்லி அம்மாள் ஜமைக்காவிலிருந்து இளவயதில் வந்தவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கித்தான் யாரையும் பார்ப்பார். அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "குடை தானாக நடந்து வந்து உன் மடியில் விழுந்ததா? யாரோ அதைக் கண்டெடுத்தார்கள். யார்? அந்தப் பெயரை எழுது" என்றார்.

அவர் சொன்ன சொல்தான் ஃபைண்ட். பள்ளிக்கூடத்தில் அதற்கு 'கண்டுபிடி' என்று ஒரே அர்த்தம் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சைத் தாளில் எக்ஸ் என்ற எழுத்தின் மதிப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வதற்கும், யாரோ ஒருவர் மின்சார விளக்கைக் கண்டுபிடித்ததற்கும் அது போதும் என்று விட்டுவிட்டார்கள். இங்கே வந்த பிறகுதான் இந்தச் சொல் வீட்டுத் துடைப்பம் மாதிரி எல்லா வேலைக்கும் ஆகிறது என்று புரிந்தது.

பெவர்லி அம்மாள் கற்றுக்கொடுத்த இன்னொன்று பொருளைத் திருப்பிக் கொடுக்கும் முறை. தொலைத்தேன் என்று வருகிறவரிடம் நாம் எதையும் சொல்லக் கூடாது. "நீலப் பர்ஸா?" என்று கேட்டால் எல்லோருடைய பர்ஸும் நீலமாகிவிடும். வெளியே தெரியாத ஒரு அடையாளத்தை அவர்களே சொல்ல வேண்டும். நாம் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். உடையவர் சட்டென்று சொல்லிவிடுவார். பொய் சொல்கிறவர் முதலில் நம் முகத்தைப் பார்ப்பார்.

2

அந்தச் சொல் என்னைப் படுத்திய பாட்டையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

முதல் குளிர்காலத்தில் பஸ் டிரைவர் ஒருவர், இந்தக் குளிரை எப்படி 'ஃபைண்ட்' பண்ணுகிறாய் என்று கேட்டார். நான் தேடவில்லை, அதுவாகவே வந்துவிட்டது என்று பதில் சொன்னேன். அந்த மனிதர் இன்றுவரை என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். ஒன்று நமக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லவும் அதே சொல்தானாம்.

நேரம் ஒதுக்குவதற்கும் அதே சொல். இவர்கள் நேரத்தைத் தேடிக் கண்டெடுக்கிறார்கள். ஊரில் என் அண்ணன் செந்தில் இருக்கிறானே, அவனுக்குப் பல வருடமாக என்னோடு பேச நேரம் அகப்படவே இல்லை. நான் கூப்பிட்டால்தான் உண்டு. அதுவும் "ஸ்டோர்ல காய் காயுது, அப்புறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிடுவான். ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்தை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். அங்கே வருடம் முழுவதும் காய் காய்ந்துகொண்டே இருக்கும் என்று நானும் நம்பிக்கொண்டேன்.

என் மகள் யாழினி இங்கேயே பிறந்தவள், இப்போது எட்டாவது படிக்கிறாள். போன மாதம் பரதநாட்டிய வகுப்பை விடப் போகிறேன், என்னை நானே ஃபைண்ட் பண்ண வேண்டும் என்றாள். "உன்னை எங்கேம்மா வச்சுத் தொலைச்ச?" என்று கேட்டேன். கவுண்டரில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். கதவை அடைத்துக்கொண்டாள். அவள் கோபித்துக்கொள்ளும்போதுதான் தமிழே பேசுவாள். அன்று அதுகூடப் பேசவில்லை.

இந்தச் சொல்லை எனக்குப் பிடிக்காமல் போனது அம்மாவின் விசா விஷயத்தில். அம்மாவை ஒரு கோடைக்காவது கூட்டிவந்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, நிலப் பத்திரம், வீட்டு வரி ரசீது, அண்ணனின் உறுதிமொழி என்று கேட்டதெல்லாம் கொடுத்து விண்ணப்பித்தேன். பதில் வந்தது: விண்ணப்பதாரர் தாயகம் திரும்புவார் என்பதற்குப் போதிய பிணைப்பு இருப்பதாக நான் 'ஃபைண்ட்' பண்ணவில்லை. கீழே ஒரு அதிகாரியின் எண். எங்கள் அம்மாவை அவர் பார்த்ததில்லை, அவள் குரலைக் கேட்டதில்லை. எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, அவளுக்கு ஊரில் பிணைப்பு இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். மகன் சாப்பிட்டானா என்று தெரியாமல் ஒரு வாய் சோறு இறங்காத மனுஷி அவள். பிணைப்பு இல்லையாம்! அன்று அந்த அதிகாரியைத் திட்டித் தீர்த்தேன். அம்மாவுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு பிணைப்பு என்று எனக்கே முழுதாகத் தெரியாது என்பது இப்போதுதான் தெரிகிறது.

3

எங்களுக்கு வீடு போடியில். ஏலத்தோட்டம் மலைக்கு மேலே, போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துப் பூப்பாறைப் பக்கம். பெரிய எஸ்டேட் ஒன்றும் இல்லை. அப்பா காலையில் ஆட்களோடு ஜீப்பில் ஏறி, மலையடிவாரத்து முந்தலைக் கடந்து மலை ஏறிப் போய் சாயங்காலம் இறங்குவார். மலையில் மண்ணும் மழையும் மலையாளம். வேலைக்காரர்களும் வசவும் தமிழ்.

ஏலம் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது குத்துக் குத்தாக வளரும் செடி; ஒரு குத்தை ஒரு தூர் என்போம். செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் காய்ப்பது தரையில்தான். தூரடியிலிருந்து சரம் சரமாகக் கிளம்பி மண்மேல் படுத்திருக்கும். காய் எடுக்கிற பெண்கள் தூருக்குத் தூர் குந்தி உட்கார்ந்து, விளைந்ததை மட்டும் கிள்ளிக் கூடையில் போடுவார்கள். ஆண்கள் நிமிர்ந்து நடந்தபடி மருந்தடிப்பார்கள், நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழிப்பார்கள். அவர்களுக்குத் தெரிவது இலை. காய் தெரிய வேண்டுமானால் முட்டியை மடக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. காய் எடுக்கும்போது யார் கண்ணிலாவது அதிசயமான தூர் பட்டால், அவர்கள் உடுத்தியிருக்கிற துணியிலேயே ஒரு துண்டைக் கிழித்து அதில் கட்டிவிட வேண்டும். சேலை முந்தானையோ, தலையில் கட்டிய துண்டோ, எதுவோ ஒன்று. துணி கட்டிய தூரை அப்பா வந்து பார்க்கும் வரை யாரும் தொடக் கூடாது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது ஆரு துணி?" என்று சத்தமாகக் கேட்பார். கட்டியவர் முன்னால் வருவார். தூர் நல்லது என்றால் அதைப் பெயர்த்து மற்ற இடத்தில் நட்டுப் பெருக்குவோம். துணிக்காரருக்கு அந்தத் தீபாவளிக்கு இரட்டைப் புதுத்துணி. அதற்குப் பிறகு அந்தத் தூருக்கு அவர் பெயர்தான். மாரியம்மா தூர், பேச்சி தூர் என்று தோட்டத்துக்குள் ஆட்களின் பெயரில் தூர்கள் இருந்தன. அப்பா தன் பெயரை எந்தத் தூருக்கும் வைத்துக்கொண்டதில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் காலேஜ் திறக்கக் காத்திருந்த வருடம் ஆடி மழை விடாமல் அடித்தது. சரமெல்லாம் அழுகி, காய் கருத்து உதிர்ந்தது. பாதி ஆட்கள் வேலைக்கு வரவில்லை. அப்பா என்னையும் அம்மாவையும் மலைக்குக் கூட்டிப்போனார். அண்ணன் போடியில் நண்பர்களோடு இருந்தான். மழைக்குள் அட்டைக்கடி வாங்க அவனுக்கு மனசில்லை. ஓடைக்கரையில், இருப்பதிலேயே ஈரமான இடத்தில், சுற்றியுள்ள தூரெல்லாம் அழுகிக் கிடக்க, ஒரே ஒரு தூரில் மட்டும் சரங்கள் மண்ணில் படாமல் கொஞ்சம் தூக்கி நின்றன. ஒரு காய்கூடக் கருக்கவில்லை. கையால் தடவிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் முடிந்தும் நான் இரட்டைச் சடையையும் ரிப்பனையும் விடவில்லை. பாவாடையைக் கிழிக்கப் பயந்து ஒரு ரிப்பனை உருவிக் கட்டினேன்.

மறுநாள் அப்பா ஓடைக்கரையில் நின்று கேட்டார்: "இது ஆரு துணி?"

"என்னுதுப்பா."

"அப்ப இது கலா தூரு" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் பிறகு கல்யாணத்தில்கூட இருந்ததாக ஞாபகம் இல்லை. அடுத்த ஆடியில் அந்தத் தூரின் பிள்ளைகள் எதுவும் அழுகவில்லை. அதற்கடுத்த ஆடியிலும் அப்படியே. ஜீப் டிரைவர்கள்கூட "கலா தூரு ரெண்டு குடுங்கண்ணே" என்று அப்பாவிடம் கேட்டு வாங்கிப் போவார்கள்.

அப்பா இப்போது இல்லை. எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன். தோட்டம் அண்ணனுடையது; நான் கேட்கவும் இல்லை. எங்கள் பக்கம் பெண் பிறந்த வீட்டிலிருந்து மண்ணை எதிர்பார்ப்பதில்லை. மண்ணில் ஒரு பெயர் இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

யாழினி சின்ன வகுப்பில் படிக்கும்போது வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுபோய் அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவள் ஒரு கைப்பிடி ஏலக்காய் கொண்டுபோனாள். இந்தச் செடியை எங்கள் அம்மா கண்டுபிடித்தாள், அதற்கு எங்கள் அம்மாவின் பெயர் என்று வகுப்பில் சொன்னாள். டீச்சர் எல்லோரையும் முகர்ந்து பார்க்கச் சொன்னாராம். அன்று அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டது இன்னும் கையில் இருக்கிறது.

போன மாதம், கதவை அடைத்துக்கொண்ட அதே யாழினி, போனை நீட்டிக்கொண்டு வந்தாள். ஊரில் விவசாய வீடியோ போடும் யாரோ ஒருவர் எடுத்தது. எங்கள் தோட்டம். ஜீப் நிற்கும் இடத்தருகே ஒரு தூருக்கு வேலி போட்டுப் பலகை வைத்திருந்தார்கள்: 'செந்தில் பச்சை'. பக்கத்தில் அண்ணன், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு. அழுகலுக்கு அசையாத இந்த ரகத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். அவன் சொல்கிறான்: "நல்ல ஆடி மழைங்க. எல்லாத் தூரும் அழுகிப்போச்சு. இது மட்டும் நின்னுச்சு. தலையில கட்டியிருந்த துண்டைக் கிழிச்சுக் கட்டிட்டு ஓடுனேன் எங்கப்பாட்ட."

துண்டாம். அவன் அன்று மலையிலேயே இல்லை. ஆனாலும் எங்கள் பழக்கப்படி ஒரு துணி வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பொய்க்கும் ஒரு துணியைக் கட்டிவிட்டான்.

அதையும் பொறுத்திருப்பேன். அடுத்தாற்போல் அம்மாவைக் காட்டினார்கள். நான் போன தடவை வாங்கிக்கொடுத்த அரக்குச் சேலையில் இருந்தாள். மைக் முன்னால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அண்ணனைப் பார்த்துக்கொண்டே, "ஆமாய்யா, எம் மகன்தான் கண்டுபிடிச்சான். நான் அன்னைக்குக் கூடத்தான இருந்தேன்" என்றாள். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. யாழினிக்குத் தமிழ் படிக்க வராது, அதைப் படித்திருக்கிறாள். அங்கேயும் அதே சொல்.

அவள் இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன். "அம்மா, மாமா கண்டுபிடித்ததாகத்தானே அம்மாச்சியே சொல்கிறாள்?"

"பொய் சொல்றாங்க" என்றேன்.

"ரெண்டு பேருமா?"

 அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிகவும் மெதுவாக, பெரிய மனுஷி மாதிரி, "பரவாயில்லை அம்மா. சின்ன வயதுக் கதையை எல்லோரும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொல்வார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொய்க்காரி என்று கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மன்னித்துவிட்டாள். என் வாழ்க்கையில் நான் பார்த்து, நான் தொட்டு, நான் கட்டிய ஒரே ஒரு விஷயத்துக்காகப் பெற்ற பிள்ளையிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு நின்றேன். 

5

அண்ணனைக் கூப்பிட்டேன். நல்லவேளை, அன்று ஸ்டோரில் காய் காயவில்லை.

"வீடியோ பாத்தேண்ணே."

"பாத்தியா? நல்லா வந்துருக்குல்ல? கேரளாவுல இருந்தெல்லாம் போன் வருது."

"அந்தத் தூரைக் கண்டுபிடிச்சது நான்தானண்ணே."

 சிரித்தான். "அட, அதுக்கா கூப்புட்ட? நம்ம நெலத்துல கெடச்சது. ஆரு பாத்தா என்ன கலா? நீ ஒரு நாள் பாத்த. பாத்துட்டு ஏரோப்ளேன் ஏறிட்ட. இத்தனை வருசம் அதைப் பேத்து நட்டு, மருந்தடிச்சு, காவல் காத்து வளத்தது ஆரு?"

"நீதான். வளத்தேன்னு சொல்லியிருக்கலாம்ல? அதை ஆரு மறுத்தா?"

"வளத்தவனை எவன் வீடியோ எடுக்குறான்? வளத்தவனுக்கு எவன் மாலை போடுறான்? கண்டுபிடிச்சது ஆருன்னுதான கேக்குறாய்ங்க."

அவன் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தூரைக் காப்பாற்றியது அவன்தான். நான் இங்கே ஒற்றைக் கையுறைகளுக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அவன் பாடுபட்டதை யாரும் கேட்பதில்லை என்பதும் நிஜம். அதற்காக என்னுடையதை எடுத்துக்கொள்ளலாமா?

"பேரையாவது விட்டுருக்கலாமேண்ணே. அப்பா வச்ச பேரு."

"பொம்பளைப் பிள்ள பேர்ல இருந்தா, அது ஆரு, எங்க இருக்கா, நெலத்துல பங்கான்னு நூறு கேள்வி வருது. சோலியக் கெடுக்குது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நீ அங்க நல்லாத்தான இருக்க? இதைப் போயி பெருசு பண்ணிக்கிட்டு. சரி, அம்மாட்டப் பேசு" என்றான். அம்மாவிடம் கொடுக்கும் முன்பே லைன் அறுந்தது. அறுந்ததா, அறுத்தானா என்று தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் நான் அட்டையில் எழுதிய முதல் இங்கிலீஷைத்தான் அவனும் பேசினான். கிடைத்தது. யாருக்கு, யாரால் என்றெல்லாம் கேட்காதே, கிடைத்தது, அவ்வளவுதான். பெவர்லி அம்மாள் எங்கள் வீட்டில் பிறந்திருந்தால் அண்ணனை மூக்கு நுனியில் நிறுத்தி ஒரு பார்வை பார்த்திருப்பார்.

அம்மாவைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. வயதாகிவிட்டது, மறந்திருப்பாள். ஆடி மழை, தூர், துணி எல்லாம் கலந்துபோய், மகன் சொன்னது அவள் மனதில் நடந்ததாகவே ஆகிவிட்டிருக்கும். வயதானவர்களுக்கு அப்படி ஆவதுண்டு. நான்கு நாள் அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம், அண்ணன் வெளியே போயிருந்தான். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்தேன். யாழினி சாப்பாட்டு மேசையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆத்தா கலா, சாப்ட்டியா? பேத்தி என்ன செய்யிறா?"

சண்டை போடக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கவுண்டரில் கேட்பது போலக் கேட்டேன். ஓடையைப் பற்றிச் சொல்லவில்லை, மழையைப் பற்றியும் சொல்லவில்லை.

"அம்மா, அந்தத் தூரு நம்ம தோட்டத்துல எங்க இருந்துச்சு?"

"எந்தத் தூரு?"

"வீடியோவுல சொன்னியே."

சத்தமில்லை. நான் காத்திருந்தேன். அடுப்பில் தோசை ஓரம் சிவந்தது, எடுக்கவில்லை. மறந்துபோச்சு என்று சொல்லிவிடு அம்மா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஓடைக்கரையில" என்றாள்.

"துணி?"

"துணி எங்கடி? உன் ரிப்பன்ல. நீலக் கலரு. ஒரு பக்கம் சடை பிரிஞ்சு, ஒரு பக்கம் ரிப்பனோட வந்து நின்ன. புது ரிப்பனைத் தொலைச்சிட்டு வந்துட்டாளேன்னு நான் வஞ்சேன். ஜீப்பு வர்ற வரைக்கும் அழுதுட்டே நின்ன."

ரிப்பன் நீலம் என்பது எனக்கு மறந்துவிட்டிருந்தது. அவள் திட்டியதும், நான் அழுததும் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவள் சொன்னதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கண்டெடுத்தவளைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"இவ்வளவு ஞாபகம் இருக்குல்ல. பின்ன ஏம்மா அப்பிடிச் சொன்ன?"

"என்னத்தச் செய்யச் சொல்ற? மைக்கை நீட்டுறாய்ங்க, உங்கண்ணன் என் மொகத்தையே பாக்குறான். ஊரே நிக்கிது. எம் பிள்ளைய நான் அத்தனை பேரு முன்னால பொய்க்காரன்னு சொல்றதா?"

"அப்ப நான் பொய்க்காரி ஆகலாமா?"

அம்மா உடனே பதில் சொன்னாள். யோசித்து வைத்திருந்த மாதிரி இல்லை. எப்போதும் தெரிந்த ஒன்றைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நீ தாங்கிக்குவ ஆத்தா. அவன் தாங்க மாட்டான்."

பிறகு, "நீ வருத்தப்படாத, என்ன?" என்றும் சொன்னாள். நான் அடுப்பை அணைத்தேன்.

ஏமாற்றப்பட்டவள் என்று என்னை அன்றுதான் உணர்ந்தேன். வீடியோவைப் பார்த்தபோதுகூட அப்படி இல்லை. மறந்திருந்தால் மன்னித்திருப்பேன்; பயந்து சொல்லியிருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன். எல்லாம் தெரிந்து, ரிப்பனின் நிறம் வரை தெரிந்து, இரண்டு பிள்ளைகளையும் மனதுக்குள் நிறுத்திப் பார்த்து, இவளுக்குக் கொடுக்காவிட்டாலும் நடக்கும் என்று என்னை ஒதுக்கியிருக்கிறாள். இப்படி எத்தனை தடவை ஒதுக்கினாளோ! வேலைக்குப் போகிறவள், வெளியூரில் சமாளிக்கிறவள், அழுதாலும் ஜீப் வரும்போது ஏறிக்கொள்கிறவள். தாங்குகிற பிள்ளை என்பதை இத்தனை வருடம் ஒரு பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாழினி காதில் மாட்டியிருந்ததை எப்போது கழற்றினாள் என்று கவனிக்கவில்லை. எழுந்து வந்து கருகிய தோசையைக் குப்பையில் தட்டினாள். "அம்மாச்சிக்குக் கலர்கூடத் தெரியுது" என்றாள், தமிழில். பிறகு அவளே மாவை எடுத்துக் கோணல்மாணலாக ஒரு தோசை ஊற்றி என் தட்டில் வைத்தாள். மகள் என்னை நம்பிவிட்டாள். இதைத்தானே வேண்டியிருந்தேன்? கிடைத்துவிட்டது. ஆனால் என்ன விலைக்கு என்று நினைத்துக்கொண்டே அந்தத் தோசையைத் தின்று முடித்தேன்.

7

பதினைந்து வருடமாக எனக்கு ஏலக்காய் ஊரிலிருந்துதான் வரும். யாராவது போடியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்தால் அம்மா ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவாள். போன வாரம் வரை கடையில் ஏலக்காய் வாங்கியதில்லை. இங்கே கடைகளில் இருப்பது குவாத்தமாலா நாட்டிலிருந்து வரும் காய். போடிக்காரி ஒருத்தி அதைக் கையால் தொட்டாள் என்று தெரிந்தால் எங்கள் தெருவில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். எங்களுக்கு அது மானப் பிரச்சினை.

நேற்றும் ஞாயிற்றுக்கிழமை. அம்மா எதுவுமே நடக்காதது போலக் கூப்பிட்டாள்.

"அடுத்த வாரம் நம்ம பக்கத்து ஊரு தேவாரத்துப் பிள்ளை ஒண்ணு அங்க வருதாம். காய் குடுத்து விடுறேன். நம்ம தூருக் காயி, அண்ணன் புதுசா டப்பா போட்டுருக்கான். எத்தனை டப்பா வைக்கட்டும்?"

டப்பாமேல் என்ன பெயர் இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

"வேண்டாம்மா. இங்க கடையிலயே வாங்கிட்டேன்."

"கடையிலயா?" அம்மாவின் குரல் உடைந்தது. "கடைக் காயா வாங்குன? ஏண்டி?"

"நல்லாத்தாம்மா இருக்கு."

நன்றாக இல்லை. வாசனையே இல்லாத வெளிறிய காய், டீயில் போட்டதும் போடாததும் ஒன்றுதான். அது அம்மாவுக்கும் தெரியும். தோட்டம் முழுக்கக் காய் விளைகிற வீட்டில் பிறந்தவள் இப்படிச் சொல்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியாமல் இருக்காது.   எனக்கும் அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"டப்பாவை எடுத்து வச்சுட்டானே. அண்ணன் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று கடைசியில் கேட்டாள்.

"அவன் எதைத் தாங்குவானோ, அதையே சொல்லிரும்மா" என்றேன்.